ஒரு வருட வாடகை கொடுத்துவிட்டு இடையில் வீட்டை விட்டால் எவ்வளவு திரும்ப வரும்?

திருகோணமலை உவர்மலையில் வாடகைக்கு இருந்த ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: மாதம் 30,000 ரூபாய்ப்படி ஒரு வருடத்துக்கு 360,000 ரூபாயும் முன்கூட்டியே கொடுத்து பெப்ரவரி 5 குடிவந்தேன், மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்ததால் ஜூலை 1 சொல்லிவிட்டு ஜூலை 18 திறப்பைக் கொடுத்தேன், மிச்சக் காசு எவ்வளவு வரவேண்டும்?

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வாடகை மாதம் 1ஆம் திகதி தொடங்குவதில்லை, 5ஆம் திகதி தொடங்கி அடுத்த மாதம் 4ஆம் திகதி முடிகிறது. அப்படியென்றால் ஜூலை 4 வரை முழுசாக ஐந்து மாதம், அது 150,000. ஜூலை 5 முதல் 18 வரை, திறப்புக் கொடுத்த நாளையும் சேர்த்து, 14 நாள். அந்த வாடகை மாதத்தில் 31 நாள் இருப்பதால் ஒரு நாளுக்கு 967.74, பதினான்கு நாளுக்கு 13,548. மொத்தம் 163,548 கழிய, மிச்சம் 196,452 ரூபாய். வீட்டுக்காரர் மாதத்தை 30 நாளாகப் பிரித்தால் 196,000 வரும். இந்த 452 ரூபாய்க்காகச் சண்டை பிடிக்காதீர்கள்.

பெரிய காசு நோட்டீஸில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு மாத முன்னறிவித்தல் என்று எழுதியிருந்தால், நீங்கள் 18ஆம் திகதியே போனாலும் அவர் ஜூலை 31 வரை வாடகை கழிக்கலாம், அப்போது 27 நாளுக்கு 26,129 போய் உங்களுக்கு 183,871 தான் வரும். ஆனால் 25ஆம் திகதியே அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றால் அதற்குப் பிறகான நாட்களுக்கு உங்களிடமும் கழிப்பது நியாயமே இல்லை, அதை நேரடியாகக் கேளுங்கள்.

"வருடக் காசு திரும்பத் தரமாட்டேன்" என்று அவர் நின்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், நொத்தாரிசு முன் எழுதியதா, இல்லையா? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதப்பட வேண்டும், இல்லையென்றால் சட்டத்தில் அதற்கு வலு இல்லை. நீங்களும் வீட்டுக்காரரும் நொத்தாரிசு இல்லாமல் கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக்கொண்டு "வருடம் முழுக்க நீ கட்டுப்பட்டவள்" என்று சொல்வது கஷ்டம், வழக்கமாக அதை மாத வாடகையாகத்தான் பார்ப்பார்கள். நொத்தாரிசு எழுதியதென்றால் அதில் இடையில் விலகுவது பற்றி என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும்.

அப்புறம், உடைவுக்காகக் கொடுத்த அட்வான்ஸ் தனியாக இருந்தால் அதை இந்தக் கணக்கில் கலக்க விடாதீர்கள். கரண்ட், தண்ணீர் பில்லுக்கு 18ஆம் திகதி மீற்றர் வாசிப்பு வரை நீங்கள் பொறுப்பு. அந்த வாசிப்பைப் படம் எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுவர் பழுது என்று கழித்தால் வேலை செய்த மேசன் பாஸிடம் வாங்கிய பில் காட்டச் சொல்லுங்கள், பழக்கத்தில் மங்கிய பெயின்ற் பழுது ஆகாது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். இரண்டு கிழமை பார்த்தும் பதில் இல்லையென்றால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுக்கலாம். அங்கே போகும்போது காசு கொடுத்த பற்றுச்சீட்டோ வங்கித் துண்டோ கட்டாயம் கையில் இருக்கட்டும்.