பொன்னாடை போர்க்க முன்

அன்புள்ள அக்கா,

எங்கட சனசமூக நிலையம் இந்தமுறை ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கு வழமையான விளையாட்டுப் போட்டியோடு ஒரு கௌரவிப்பும் வைக்க நினைக்கிறது. துஷ்பிரயோகத்துக்கு ஆளான பிள்ளைகளுக்காக ஓடித்திரிந்த எட்டுப் பேர்: நன்னடத்தை உத்தியோகத்தர், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், பொலிஸ் சிறுவர் மகளிர் பிரிவில் ஒருவர், மருத்துவமாது, ஒரு ஆசிரியை, தொண்டர்கள் மூன்று பேர். அந்த ஆசிரியை காப்பாற்றின பிள்ளையின் கையாலேயே மாலை போடுவிப்போம் என்று நிர்வாகத்தில் ஒருவர் சொல்கிறார். வழக்கு முடியவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

ஒரு செயலாளர், வன்னி

அன்புள்ள தம்பி,

உங்கள் பெயர், ஊர், சம்பவத்தைப் பற்றி எழுதியிருந்த நான்கு வரிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். விழா அழைப்பிதழுக்கும் பேச்சுக்கும் இதே கத்தரிக்கோல் வேண்டும். இருநூறு குடும்பம் இருக்கிற குடியேற்றத் திட்டத்தில் பெயர் சொல்லாமல் சொன்னாலும் சொன்னதுதான். உதாரணத்துக்கு, 'போன வருசம்', 'எட்டாம் வகுப்பு', 'தாய் வெளிநாட்டில்' என்ற மூன்றும் சேர்ந்தால் ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம். முகநூலில் போடுகிற விழாப் படமும் வெளியீடுதான். மாலை யோசனையை இன்றைக்கே கைவிடுங்கள்.

ஆசிரியையையும் இப்போது மேடைக்கு ஏற்ற வேண்டாம். பிள்ளை முதலில் வாய் திறந்தது அவரிடம் என்றால் அவர் சாட்சி. நீதவான் நீதிமன்றம், சட்டமா அதிபரின் குற்றப்பத்திரம், மேல் நீதிமன்றம் என்று வழக்கு வருசக்கணக்கில் இழுபடும். குறுக்கு விசாரணையில், "இந்த விசயத்துக்காகத்தானே உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்?" என்று எதிரித்தரப்புச் சட்டத்தரணி கேட்க ஒரு படம் போதும். எதிரியின் சொந்தக்காரரும் அதே பந்தலில் இருப்பார்கள். தீர்ப்பு வரட்டும்.

தொண்டர்கள் மூவரைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கேடயம் வாங்கியவருக்கு எல்லா வீட்டுப் படலையும் திறக்கும். பிள்ளைகளைத் தேடித் திரிகிறவனுக்கும் அதுதான் வேண்டும். தனியாகப் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றுகிறாரா, போனோ உடுப்போ வாங்கிக் கொடுக்கிறாரா, கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கிறாரா என்று அதிபரிடமும் ஊர்த் தாய்மாரிடமும் விசாரியுங்கள். தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவரை இன்னும் கூடுதலாக விசாரியுங்கள்.

பேச்சில் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். 'காப்பாற்றினார்' கதை வேண்டாம். இந்த வேலையில் கெட்டித்தனம் பெரும்பாலும் அடக்கத்தில்தான் இருக்கிறது. ஊருக்கு அதுதான் தெரியாது. பிள்ளை சொன்னதும் 'என்ன நடந்தது' என்று ஒருமுறை கேட்டு, குறுக்கிடாமல் கேட்டு, 'சொன்னது நல்லது, உன்னில் பிழை இல்லை' என்று சொல்லி நிறுத்தத் தெரிய வேண்டும். 'ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளை பேசின சொல்லையே, கொச்சையாக இருந்தாலும் திருத்தாமல், திகதியும் நேரமும் போட்டு எழுதி வைக்க வேண்டும். பெரியம்மா, அதிபர், கிராம அலுவலர், சங்கத் தலைவர் என்று பத்துப் பேர் திருப்பித் திருப்பிக் கேட்டால் கதை நீளும் அல்லது சுருங்கும். பிறகு நீதிமன்றத்தில் சொல்லிக் கொடுத்த சாட்சி என்பார்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக முன்வைக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது.

மருத்துவமாதின் வேலையும் அப்படித்தான். குளிக்க வார்க்க முன், உடுப்பைத் தோய்க்க முன் தடுக்க வேண்டும். உடுப்பைக் கடதாசி உறையில் போட வேண்டும். சொப்பிங் பையில் போட்டால் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டி, தடயம் கெட்டுப்போகும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் எவ்வளவு கெதியாகவோ அவ்வளவு நல்லது. வன்னியில் தூரமும் ஒரு தடை: மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்தார் அந்தச் சந்திக்கு வந்து சேரவே தனி ஓட்டம். இரவு பதினொரு மணிக்கு வாடகை பேசாமல் ஓட்டோவை எடுத்தவர் உங்கள் எட்டுப் பேரில் இல்லை. அவரை மேடைக்குக் கூப்பிட்டால் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். வாடகையை அடுத்த நாளே கொடுத்துவிடுங்கள். பொலிசில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து என்று தாயோடு நின்றவரும் பட்டியலில் இல்லை.

அரச உத்தியோகத்தருக்குப் பணமோ பெறுமதியான பொருளோ கொடுக்காதீர்கள், இலஞ்சக் கேள்வி வரும். அவர்களுடைய திணைக்களத் தலைவருக்கு, வழக்கைக் குறிப்பிடாமல், 'இத்தனை வருடமாக எங்கள் பிரிவில் அழைத்த நேரம் வந்தார்' என்று சங்கக் கடிதத் தலைப்பில் எழுதி, பிரதியை உத்தியோகத்தருக்குக் கொடுங்கள். சுயவிபரக் கோவையில் அது கிடக்கும். கௌரவிப்புச் சந்திப்பை வேறொரு நாள், ஒலிபெருக்கியும் படப்பிடிப்பும் இல்லாமல், ஒரு மணித்தியாலத் தேநீரோடு முடியுங்கள்.

மிஞ்சும் காசை வழக்குத் தவணைக்கு வையுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் பிள்ளை, தாய், துணைக்கு ஒருவர்: மூன்று பேரின் பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, தாயின் ஒருநாள் கூலி. வழக்கு ஒத்திப்போன நாளிலும் இந்தச் செலவு போகும். நாலைந்து தவணை இப்படிப் போனால் குடும்பம் களைத்து, சமரசம் பேச வருகிறவருக்குக் காது கொடுக்கும். கணக்கை இரண்டு கையெழுத்தில் வையுங்கள். பற்றுச்சீட்டில் பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள்.

ஊருக்குப் பொதுவாக ஏதும் செய்ய விருப்பமென்றால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தைப் பெரிதாக எழுதி பஸ் தரிப்பிடம், கடை, முன்பள்ளிச் சுவர் மூன்றிலும் மாட்டுங்கள். 24 மணித்தியாலமும் தமிழிலும் கதைக்கலாம்.

சிறுவர் தினப் போட்டி வழமைபோல நடக்கட்டும். அந்தப் பிள்ளைக்குச் சாக்கோட்டம் ஓட விருப்பமென்றால் பெயரைப் பதியுங்கள். வென்றால் பரிசெடுக்க மேடைக்கு வரட்டும்.

அன்புடன்,
அக்கா