பழைய அமெரிக்கக் கப்பல் கடிகாரம் வாங்கினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

டயலைப் பாருங்கள். பித்தளைப் பளபளப்பெல்லாம் அப்புறம்.

நான் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். ரேடியோ அறைக் கடிகாரத்தின் டயலில் 15 முதல் 18 நிமிடம் வரை ஒரு சிவப்புப் பட்டை, 45 முதல் 48 வரை இன்னொன்று இருக்கும். பெரிய முள் சிவப்புக்குள் நுழைந்ததும் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் எல்லாக் கப்பலும் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். மூன்று நிமிடம் காதில் வெறும் இரைச்சல். எங்கோ தவிக்கும் கப்பலின் மெல்லிய எஸ்.ஓ.எஸ். அமுங்கிப் போகக் கூடாதல்லவா? 1999 பிப்ரவரியில் புதிய ஆபத்துதவி முறை முழுதாக நடைமுறைக்கு வந்தது. அந்தச் சிவப்புக்கும் எங்களுக்கும் வேலை முடிந்தது. அதற்குப் பிறகுதான் இவற்றைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன்.

ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஒழுங்காக ஓடாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கனெக்டிகட் மாநிலத்து பிரிஸ்டல் ஊர்ப் பட்டறைகள், ஊசலுக்குப் பதில் பேலன்ஸ் வீல் என்ற, முன்னும் பின்னும் சுழலும் சிறு சக்கரம் வைத்த பித்தளை இயந்திரங்களைச் செய்தன. கடலில் தீர்க்கரேகை கணிக்க உதவும் க்ரோனோமீட்டர் வேறு ரகம். ஹாமில்டன் கம்பெனி 1942 முதல் செய்த மாடல் 21 அந்த ரகம். விலையும் பராமரிப்பும் கூடுதல் என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

என் மனம் முழுக்க மணியடிக்கும் கடிகாரத்தில்தான். பகல் 12:30-க்கு ஒரு அடி, 1 மணிக்கு இரண்டு. இப்படி அரை மணிக்கு ஒன்று கூடி 4 மணிக்கு எட்டு. அத்தோடு ஒரு காவல் முடிந்தது, அடுத்த ஆள் வரலாம். அடிகள் ஜோடி ஜோடியாக விழும். 2:30-க்கு டிங்-டிங், டிங்-டிங், டிங். சேத் தாமஸ் கம்பெனிக் கடிகாரங்கள் சிலவற்றில் மணி வெளியே, டயலுக்குக் கீழே தொங்கும். சுத்தியல் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மாசசூசெட்ஸில் 1897-இல் தொடங்கிய செல்சி கம்பெனியின் கடிகாரம் என்றால் இயந்திரத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கு எழுதினால் பழைய பேரேட்டைப் பார்த்து எப்போது, யாருக்கு விற்றது என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கடற்படைக் கடிகாரங்கள் பலவற்றுக்குக் கூடு கருப்பு பேக்கலைட், அதாவது ஒரு வகைப் பழைய பிளாஸ்டிக். பித்தளை போருக்குத் தேவைப்பட்ட காலம் அது. மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நான் முதலில் வாங்கிய ரேடியோ அறைக் கடிகாரத்தை ஆயில் போட ஒருவரிடம் கொடுத்தேன். கேட்காமலே டயலைச் சுரண்டிப் புது வெள்ளை அடித்துத் தந்தார். சிவப்பு போய்விட்டது. இயந்திரம் இன்றும் ஓடுகிறது, ஆனால் அது எந்த அறையில் தொங்கியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எண்ணெய் மாற்றக் கொடுக்கும்போதே 'டயலைத் தொடாதீர்கள்' என்று சீட்டெழுதி ஒட்டிவிடுங்கள்.

இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய பழைய முட்களும் எண்களும் இருந்தால் கண்ணாடியைத் திறக்கவே வேண்டாம். அது ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு போகாது. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். உதிரும் தூள் மூச்சில் போனால் ஆபத்து.