குறிப்பை எழுதுவது ஏஐ, பொறுப்பேற்பது மருத்துவர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தாயாருக்கு வயது 71, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. ஒரு தனியார் கிளினிக்கிற்கு அவரை அழைத்துச் சென்றிருந்தபோது, மருத்துவர் கைப்பேசியை மேசைமேல் வைத்து, நாம் பேசுவதைக் கேட்டு ஏஐ குறிப்பு எழுதிக்கொள்ளும் என்றார். நாங்களும் சம்மதித்தோம். பின்னர் காப்புறுதிக்காக வாங்கிய அறிக்கையில் அம்மா புகைபிடிப்பவர் என்று இருக்கிறது. காலஞ்சென்ற என் தந்தையார் நிறைய புகைப்பார் என்றுதான் அம்மா அன்று சொன்னார். இதைத் திருத்த முடியுமா? சம்மதம் கொடுத்தது எங்கள் தவறா?
— வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: சகோதரி, சம்மதம் கொடுத்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. குறிப்பைத் திருத்தவும் முடியும், திருத்தியே ஆகவேண்டும். ஏனெனில் அந்த ஒரு வரி காப்புறுதி விண்ணப்பத்தோடு நின்றுவிடாது. இனி அம்மாவைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரும் அதை உண்மை என்று நம்பியே மேற்கொண்டு முடிவெடுப்பார்.

மலேசியாவில் தனியார் கிளினிக்குகள் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவை. உடல்நலம் பற்றிய விவரங்களை அச்சட்டம் கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவாக வகைப்படுத்துகிறது. அவற்றில் தவறு இருந்தால் திருத்தக் கோரும் உரிமையையும் தருகிறது. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். அதற்கு இணங்கக் கிளினிக்கிற்கு 21 நாள் அவகாசம் உண்டு. நோயைப் பற்றிய மருத்துவரின் கருத்து உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை மாற்றச் சொல்ல முடியாது. உங்கள் மறுப்பை அதனுடன் குறிப்பாக இணைக்கச் சொல்லலாம். ஆனால் அம்மா புகைபிடிக்கிறாரா இல்லையா என்பது கருத்தல்ல. பழைய வரியைச் சுவடில்லாமல் அழிக்கச் சொல்லாமல், தவறு என்று தேதியுடன் குறித்துச் சரியான விவரத்தைச் சேர்க்கும்படி கேளுங்கள். தவறான அறிக்கை காப்புறுதி நிறுவனத்திற்குப் போயிருந்தால், திருத்திய பிரதியை அங்கும் அனுப்பும்படி அதே கடிதத்தில் எழுதுங்கள்.

இத்தகைய பிழை எப்படி நேர்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் ஒரு மென்பொருள் பேச்சை எழுத்தாக்குகிறது. அடுத்து இன்னொன்று அந்த எழுத்தைச் சுருக்கி மருத்துவக் குறிப்பாக அமைக்கிறது. இரண்டு கட்டத்திலும் பிழை நுழைய வழி உண்டு. பலரும் பயன்படுத்தும் ‘விஸ்பர்’ என்ற பேச்செழுத்து மென்பொருளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 1 விழுக்காடு ஒலித்துண்டுகளில் யாருமே பேசாத சொற்றொடர்கள் சேர்ந்திருந்ததைக் கண்டது. பேச்சின் இடையே நீண்ட மௌனம் இருந்தபோது இது கூடுதலாக நேர்ந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் நிறுத்தி நிதானித்துப் பேசுபவர்கள். ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து வரும். யாரைப் பற்றிய பேச்சு என்பதைச் சொல்லாமலே நான்கு வாக்கியம் பேசிவிடுவார்கள். எதிரில் இருக்கும் மனிதருக்கு அது விளங்கும். மென்பொருளோ பேசியவரையே நோயாளியாகவும் புகைப்பவராகவும் எழுதிவிடக்கூடும்.

இக்கருவியை அரசு சோதித்துப் பார்த்திருக்காதா என்று நீங்கள் நினைக்கலாம். நோயைக் கண்டறியவோ சிகிச்சைக்கு வழிகாட்டவோ உருவாக்கப்பட்ட மென்பொருள், 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ் மருத்துவச் சாதன ஆணையத்தின் கண்காணிப்புக்குள் வரும். பேச்சைக் குறிப்பாக மாற்றித் தருவதோடு நின்றுவிடும் மென்பொருள் பொதுவாக அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஏஐ ஆளுகை, நெறிமுறை வழிகாட்டி பயனுள்ள ஆவணம்தான். ஆயினும் அதைப் பின்பற்றுவது கட்டாயமில்லை. ஆகவே இன்றைய நிலையில் நோயாளிக்குக் கிடைக்கும் முதன்மையான பாதுகாப்பு, அந்தக் குறிப்பைப் படித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் மருத்துவரின் பொறுப்புதான். ‘கணினி அப்படி எழுதிவிட்டது’ என்பது பதிலாகாது.

அடுத்த முறை அறையைவிட்டு எழுமுன், “டாக்டர், எழுதியதை ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். மருந்தின் பெயரும் அளவும், ஒவ்வாமை, புகை, மது, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்பவற்றைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒலிப்பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படும், அதைக்கொண்டு மென்பொருளைப் பயிற்றுவிப்பார்களா என்றும் கேளுங்கள். அம்மாவின் சிகிச்சைக்காகக் குறிப்பெடுப்பது ஒன்று, அவர் குரலை வைத்து ஒரு நிறுவனம் தன் பொருளை மேம்படுத்துவது வேறொன்று. முதலாவதற்குத் தந்த சம்மதம் இரண்டாவதற்குச் செல்லக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: நான் மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிகிறேன். நோயாளியின் மின்னியல் பதிவைப் பார்த்து, இவருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே எச்சரிக்கும் ஏஐ வரப்போகிறது என்கிறார்கள். அதை எந்த அளவுக்கு நம்பலாம்?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: விற்பவர் சொல்லும் துல்லியத்தைக் கொண்டு நம்பாதீர்கள், உங்கள் வார்டில், உங்கள் நோயாளிகளிடம் அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்து நம்புங்கள். அமெரிக்காவின் ‘எப்பிக்’ நிறுவனம், இரத்தத்தில் தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் செப்சிஸ் நிலையை முன்னறிவிக்கும் கருவியைத் தன் மருத்துவப் பதிவு மென்பொருளோடு வழங்கியது. நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்திய பிறகே, மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த தனி ஆய்வு 2021இல் வெளியானது. செப்சிஸ் ஏற்பட்ட 2,552 மருத்துவமனை அனுமதிகளில் 1,709ஐ, அதாவது 67 விழுக்காட்டை, அக்கருவி கண்டுகொள்ளவில்லை. அதே வேளையில் மொத்த அனுமதிகளில் 18 விழுக்காட்டினருக்கு எச்சரிக்கை எழுப்பியது. வீண் எச்சரிக்கை ஓயாமல் ஒலித்தால், உண்மையான எச்சரிக்கையையும் கை தானாகவே மூடிவிடும் என்பதை வார்டில் நிற்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்க நடுவண் அரசு வகுத்த ஒரு விதி, சான்று பெற்ற மருத்துவப் பதிவு மென்பொருள்கள் இத்தகைய முன்கணிப்புக் கருவிகளை வழங்கும்போது, எத்தகைய தரவைக் கொண்டு பயிற்றப்பட்டது, எங்கே சோதிக்கப்பட்டது போன்ற விவரங்களை மருத்துவர்கள் பார்க்கும்படி வைக்கவேண்டும் என்று 2025 ஜனவரி 1 முதல் கோரியது. நம் மருத்துவமனைகள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்திலேயே இதைக் கேட்டு வாங்கலாம். நீங்களும் பயிற்சி வகுப்பில் கேளுங்கள். கருவி அமைதியாக இருக்கிறது என்பதற்காக, உங்கள் கண்ணுக்கு மோசமாகத் தெரியும் நோயாளியை விட்டுவிடாதீர்கள். மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: அரசாங்க மருத்துவமனையில் உள்ள என் பதிவுகளுக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பொருந்தாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. 2024இல் அது திருத்தப்பட்டு, அபராதத்தின் உச்சம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சமாக உயர்ந்து, தரவு கசிந்தால் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்கும் கடமையும் 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. அப்போதும் இந்த விலக்கு மாறவில்லை. மருத்துவரின் இரகசியம் காக்கும் கடமை அரசு மருத்துவருக்கும் உண்டு. பதிவில் பிழை கண்டால் மருத்துவமனை இயக்குநருக்கு எழுதலாம். எனினும், அரசு மருத்துவமனையில் ஒரு வெள்ளி கட்டிப் பார்ப்பவரின் நோய் விவரமும் தனியாரிடம் நூறு வெள்ளி கட்டிப் பார்ப்பவரின் நோய் விவரமும் ஒரே அளவு அந்தரங்கமானவை. இந்த இடைவெளியை நாடாளுமன்றம் அடைக்கவேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதை எழுப்புங்கள்.

கேள்வி: இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படமெடுத்து ஏஐ செயலியிடம் விளக்கம் கேட்கிறேன். இது பாதுகாப்பானதா?
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: முழு அறிக்கையையும் படமெடுத்து அனுப்பாதீர்கள். அதன் மேற்பகுதியில் உங்கள் பெயரோடு 12 இலக்க அடையாள அட்டை எண்ணும் இருக்கும். அந்த எண்ணிலிருந்தே பிறந்த தேதி, பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா என்பவை தெரிந்துவிடும். தேவையான அளவுகளை மட்டும் அலகோடு தட்டச்சு செய்து, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், மருத்துவரிடம் எதைக் கேட்கவேண்டும் என்ற அளவில் விளக்கம் பெறுங்கள். அது சொன்னதைக் கொண்டு மருந்தை நிறுத்துவதோ அளவை மாற்றுவதோ கூடாது. ஐயம் இருந்தால் அறிக்கையோடு உங்கள் வட்டார மருந்தாளரைப் பாருங்கள்.