வாசகர் கேள்வி–பதில்: வடகோடி ஆற்றில் பன்னிரண்டு நாள்

கேள்வி: ரிஷிகேஷில் இரண்டு முறை ராஃப்டிங் போயிருக்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணன், டாட்ஷென்ஷீனி என்ற ஆற்றில் பன்னிரண்டு நாள் பயணத்துக்கு அழைக்கிறார். மூன்றாம் நிலை நீரோட்டம்தான், நீ பார்க்காததா என்கிறார். நம்பிப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் அந்த ‘மூன்றாம் நிலை’ என்ற கணக்கை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஒன்று முதல் ஆறு வரையிலான சர்வதேச அளவுகோல், அலையின் வேகத்தையும் பாறைகளின் நெருக்கத்தையும் படகைச் செலுத்துவதில் உள்ள சிரமத்தையும்தான் முதன்மையாகச் சொல்கிறது. தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தது, உதவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பவை அந்த ஒற்றை எண்ணில் தெரிவதில்லை. வடக்கு ஆறுகளில் நாம் அஞ்ச வேண்டியது அந்த இரண்டுக்கும்தான்.

ரிஷிகேஷில் படகு கவிழ்ந்தால், கரையேறிக் கொஞ்சம் நடந்தால் சாலை வந்துவிடும். டாட்ஷென்ஷீனியில் அப்படியில்லை. யூகான் பகுதியில் டால்டன் போஸ்ட் என்ற இடத்தில் படகை இறக்கினால், ஆறு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் புகுந்து, ஆல்செக் ஆற்றோடு கலந்து, அலாஸ்காவின் ட்ரை பே கடற்கரையை அடையும் வரை, 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியில் ஊரும் இல்லை, சாலையும் இல்லை. அங்கே சிறிய விமானம் வந்துதான் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. செயற்கைக்கோள் கருவியில் உதவி கேட்கலாம். ஆனால் மேகம் தாழ்ந்து மலைகளை மூடிவிட்டால், ஹெலிகாப்டர் வானம் தெளியும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

மூன்றாம் நிலை நீரோட்டம் பெரும்பாலும் முதல் நாளில் வரும் குறுகிய பள்ளத்தாக்கிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் ஆறு அகன்று, கூழாங்கல் திட்டுகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து ஓடும். பார்வைக்கு அமைதியாகத் தோன்றும் இந்த இடங்களில்தான், எந்தக் கிளையில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது, எது வேரோடு சாய்ந்த மரத்தின்மேல் கொண்டுபோய் மோதும் என்று வழிகாட்டி முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது. பனியாறுகள் மலையை அரைத்துத் தரும் நுண்ணிய வண்டல் நீர் முழுவதும் கலந்திருப்பதால் அடியில் இருக்கும் கல் கண்ணுக்குத் தெரியாது. எல்லோரும் பேச்சை நிறுத்தினால், அந்த வண்டல் ரப்பர் படகின் அடித்தளத்தில் உரசிச் செல்லும் ‘உஸ்ஸ்’ என்ற ஓசை, கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் விழுந்ததுபோலத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பகல் வெயிலில் உருகும் பனி பல மணி நேரம் கழித்தே ஆற்றை வந்து சேர்வதால், மாலையிலும் இரவிலும் நீர்மட்டம் உயர்கிறது. அதனால் அனுபவசாலிகள் கூடாரம் அடித்ததும் தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைக்கிறார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் குச்சி தண்ணீருக்குள் நின்றால், படகுகளை இன்னும் மேலே இழுத்துக் கட்டிவிட்டுத்தான் தூங்கப் போவார்கள்.

கேள்வி: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். படகிலிருந்து விழுந்தால் நீந்திக் கரைசேர முடியாதா?

பதில்: நீச்சல் தெரிந்திருப்பது நல்லதுதான், ஆனால் பனி உருகி வரும் நீரில் அந்தத் திறமை சில நிமிடங்களுக்குத்தான் கைகொடுக்கும். குளிர்நீரில் மனித உடல் என்னவாகிறது என்பதை நெடுங்காலம் ஆராய்ந்த மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1–10–1 என்ற கணக்கை நீங்கள் மனப்பாடமே செய்துகொள்ளலாம். முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவருவதற்கு. விழுந்த அதிர்ச்சியில் வாய் தானாகத் திறந்து மூச்சை இழுக்கும், அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் அங்கேயே ஆபத்து. அடுத்த 10 நிமிடம் மட்டுமே கைகால்கள் சொன்னபடி கேட்கும். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். குளிரில் விறைத்துச் சாவதற்கு முன்பே கைகள் செயலிழந்து மூழ்கிவிடுகிறோம் என்பதால்தான், லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கிக் கட்டச் சொல்லி வழிகாட்டிகள் அவ்வளவு வற்புறுத்துகிறார்கள். அதனோடு, கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாத டிரை சூட்டும், அதற்குள் கம்பளி உடையும் வேண்டும். பருத்தி உடை வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி உடல் சூட்டை உறிஞ்சிவிடும்.

விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் குறைவு என்று நினைத்து எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், வெள்ளம் முதுகில் அழுத்தி உங்களைக் குப்புறத் தள்ளிவிடும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எதிரே சாய்ந்த மரம் தடுத்து நின்று, விலக வழியே இல்லையென்றால், உடனே கவிழ்ந்து தலை முன்னாக அதை நோக்கி வேகமாக நீந்தி, கிளையைப் பற்றி மேலே ஏறிவிட வேண்டும். கால் முதலில் போனால் கிளைகளுக்கு அடியில் இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: கரடிகள் உண்டா?

பதில்: உண்டு, க்ரிஸ்லி கரடிகள். சால்மன் மீன்கள் ஏறிவரும் ஆறு அல்லவா! உணவைக் கரடி திறக்க முடியாத பெட்டிகளில் பூட்டுங்கள், புதர்களுக்குள் சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள், மிளகாய்த் தெளிப்பானை இடுப்பிலேயே வைத்திருங்கள். மனிதக் கழிவு, அடுப்புச் சாம்பல் உட்பட எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவருவது அங்கே விதி.

கேள்வி: இந்த ஆற்றங்கரையில் சுரங்கம் வர இருந்ததாமே?

பதில்: ஆம், அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது. விண்டி கிராகி என்ற மலையின் உச்சியையே வெட்டியெடுத்துச் செம்பு எடுக்கும் திட்டம் அது. அந்தத் தாதுவில் கந்தகச் சேர்மங்கள் மிகுதி. காற்றும் நீரும் பட்டால் அமிலம் கசியும். நிலநடுக்கம் நிகழும் அந்தப் பகுதியில் கழிவைத் தேக்கும் அணை உடைந்தால் சால்மன் மீன்களின் கதி என்னவாகும் என்று, ஆற்றில் படகு விட்டவர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் கேட்டார்கள். 1993-இல் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு திட்டத்தைக் கைவிட்டு அந்த நிலத்தைப் பூங்காவாக அறிவித்தது. மறு ஆண்டே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஷாம்பெயின், ஐஷிஹிக் பழங்குடி மக்களுக்கோ இது தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்ந்த சொந்த மண். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், லோவல் பனியாறு ஆல்செக் ஆற்றை அடைத்து உருவான ஏரி உடைந்து வெள்ளம் பாய்ந்ததை அவர்களுடைய வாய்மொழி வரலாறு நினைவில் வைத்திருக்கிறது.

கேள்வி: பயணத்தின் இறுதியில் வரும் ஆல்செக் ஏரியில் பனிப்பாறைகள் மிதக்குமாமே, அவற்றுக்கு நடுவே எப்படிப் படகு விடுகிறார்கள்?

பதில்: ஏரிக்குள் நுழையும் முன்பே கரையில் இறங்கி, மேட்டின்மீது ஏறி, எந்த வாய்க்கால் திறந்திருக்கிறது, எதைப் பனிக்கட்டிகள் அடைத்திருக்கின்றன என்று பார்த்த பிறகே வழியை முடிவு செய்கிறார்கள். காற்று திசைமாறினால் காலையில் திறந்திருந்த வழி மாலையில் மூடியிருக்கும். நீருக்குமேல் தெரிவது பனிப்பாறையின் சிறு பகுதிதான். அடிப்பகுதி கரைந்து எடை மாறினால் முழுப் பாறையும் சட்டென்று புரண்டுவிடும் என்பதால், புகைப்படத்துக்காகக்கூட அருகில் போகக் கூடாது.

போக நினைப்பவர்கள் அதிகம் தள்ளிப்போட வேண்டாம் என்பேன். பக்கத்தில் உள்ள கிராண்ட் பிளாட்டோ பனியாறு வேகமாகப் பின்வாங்குவதால், வரும் சில பத்தாண்டுகளில் ஆல்செக் ஆறு ட்ரை பேயை விட்டு, தென்கிழக்கே வேறு வழியில் கடலைச் சேரும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அப்போது, விமானம் வந்து இறங்கும் அந்தக் கரைக்கு இந்த ஆற்றில் படகு வராது.