ஓடாத விங்கர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரர் ஜான் ராபர்ட்சனைத் தலைசிறந்த இடது விங்கர்களில் (ஓரத்தில் நின்று தாக்கி ஆடுபவர்களில்) ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். பழைய காணொளிகளைத் தேடிப் பார்த்தேன். குட்டையாக, கொஞ்சம் தொப்பையோடு, பாதி நேரம் நடக்கிறார். விங்கர் என்றால் ஓட வேண்டாமா? பயிற்சியாளர் பிரையன் கிளஃபின் புகழில் இவருக்கும் பங்கு கிடைத்துவிட்டதோ?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கண் பொய் சொல்லவில்லை. அவர் ஓடவில்லைதான். ஓடவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை என்பது என் கட்சி.

1979-இல் மியூனிக்கில் அவருடைய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கும் ஸ்வீடனின் மால்மோ அணிக்கும் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். முதல் பாதி முடியும் தறுவாய். இடது ஓரத்தில் பந்து இவர் காலுக்கு வருகிறது. இரண்டு பேர் வழிமறிக்கிறார்கள். கோட்டை ஒட்டி அவர்களைக் கடந்து, இடக்காலால் தூக்கிக் கொடுக்கிறார். கோலின் மறுகம்பத்தருகே பாய்ந்து வந்த சக வீரர் டிரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டுகிறார். ஆட்டத்தின் ஒரே கோல். பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கப்பட்ட ஃபிரான்சிஸைத்தான் மறுநாள் ஊர் பேசியிருக்கும். கிராஸ் அடிக்க, அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னே பந்தைத் தூக்கிக் கொடுக்க, அரை கஜம் இடம் கிடைத்தால் போதும் என்கிற ஆளுக்கு எதற்கு வேகம்?

அடுத்த ஆண்டு மாட்ரிட்டில் ஹாம்பர்க்குக்கு எதிராக உள்பக்கம் வெட்டி, சக வீரர் பிர்டில்சிடம் பந்தைக் கொடுத்து வாங்கி, வலக்காலால் அடித்தார். கம்பத்தில் பட்டு உள்ளே போனது. அதிலும் அது ஒன்றே கோல்.

கிளஃபுக்கு உரியதை மறுக்கவில்லை. 1975 ஜனவரியில் அவர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு வந்தபோது ராபர்ட்சன் நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். சிகரெட், பொரித்த தீனி, சோம்பல் என்று கெட்ட பெயர் வேறு. இடது ஓரத்துக்கு மாற்றியது கிளஃப்தான். ஆனால் உடம்பைப் பேணாதவர் என்று ஏசப்பட்ட அதே மனிதர் 1976 டிசம்பரிலிருந்து நான்கு ஆண்டுகள், தொடர்ந்து 243 ஆட்டங்கள், ஒன்றுகூட விடாமல் ஆடினார். அந்த உழைப்பு யாரும் கடன் கொடுத்ததல்ல. 1981-இல் வெம்ப்ளியில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 1-0 என்று வென்றதும் இவர் கோலால்தான். பெனால்டிதானே என்பீர்கள்; சரி, அதைக் கிளஃப் உதைக்கவில்லை.

உங்கள் வாதத்துக்குக் கொஞ்சம் வலு தேவையென்றால் 1983-இல் அவர் டெர்பி கவுன்டி அணிக்குப் போன காலத்தைப் பாருங்கள். அங்கே அவர் சோபிக்கவில்லை. காயமும் சேர்ந்துகொண்டது என்பதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.