3-பெட் 20 என்று காட்டினால் உடனே நம்பாதீர்கள்: ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி (ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர்): ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற ஒரு தளத்தில், ஆறு பேர் மேசையில் நோ-லிமிட் ஹோல்டம் என்ற போக்கர் ஆடுகிறேன். ஆட்டங்களைப் பதிவு செய்து எண்களாகக் காட்டும் போக்கர்டிராக்கர் 4 மென்பொருளைப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. இதுவரை 8,400 கை (ஆட்டச் சுற்று) சேர்ந்திருக்கிறது. சதவீதத்தில்: வி.பி.ஐ.பி (தானாக நுழைந்தது) 31, பி.எஃப்.ஆர் (அதில் பந்தயத்தை ஏற்றியது) 12, 3-பெட் (பிறர் ஏற்றியதை மறுபடி ஏற்றியது) 3, ஷோடவுன் (கடைசியில் சீட்டைக் காட்டுவது) வரை போனது 33, அங்கே வென்றது 46. நூறு கைக்கு 2 பிக் பிளைண்ட் (மேசையின் முழுக் கட்டாயப் பந்தயம்) லாபம். லாபம் இருப்பதால் ஆட்டம் சரிதான் என்று எடுத்துக்கொள்ளலாமா? எதிராளிகளின் எண்களில் எதை நம்புவது? சிலருக்கு 3-பெட் 20, 25 என்று காட்டுகிறது. அவர்களைத் துணிந்து எதிர்த்தால் அடிக்கடி மாட்டிக்கொள்கிறேன். இருக்கை வாரியான அறிக்கையையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன்.

பெரும்பாலும் கடைசியாகப் பேசும் இருக்கையான பட்டனில் உட்கார்ந்து இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் 5 வைத்து ரெய்ஸ் செய்தேன், அதாவது பந்தயத்தை ஏற்றினேன். பாதிக் கட்டாயப் பந்தயம் கட்டும் இருக்கையான ஸ்மால் பிளைண்டில் இருந்தவர் மறுபடி ஏற்றினார். அவர் பெயருக்குப் பக்கத்தில் 3-பெட் 20 என்று சிவப்பில் மின்னியது. ஐந்துக்கு ஒருமுறை ஏற்றுகிற ஆள், கையில் ஒன்றும் இருக்காது என்று 22 பிளைண்டுக்கு 4-பெட் (அதற்கும் மேல் ஓர் ஏற்றம்) போட்டேன். அவர் இருந்த 60 பிளைண்டையும் உள்ளே தள்ளினார். மேசையில் 83 பிளைண்ட், நான் போட வேண்டியது 38. விலை சரியாக இருக்கிறது என்று கால் செய்தேன் (ஈடாகப் பணம் போட்டேன்). அவர் இரண்டு ராஜாவைத் திருப்பிக் காட்டினார். ஆட்டம் முடிந்த பிறகுதான் அந்த 20-ன் மேல் மௌஸை வைத்துப் பார்த்தேன். உள்ளே 1/5 என்று இருந்தது. அவருக்கு 3-பெட் போட ஐந்தே வாய்ப்பு வந்திருக்கிறது, ஒருமுறை போட்டிருக்கிறார். அதை நான் ‘20 சதவீதம்’ என்று படித்துவிட்டேன்.

இந்த மென்பொருள் காட்டுகிற எல்லாமே பின்னம்தான். மேலே எத்தனை முறை செய்தார், கீழே எத்தனை முறை செய்ய வாய்ப்பு வந்தது. கண்ணில் படுவது சதவீதம், உண்மை இருப்பது கீழ் எண்ணில். ஒரு ஆட்டக்காரர் நிஜத்தில் 8 சதவீதம் 3-பெட் போடுபவர் என்று வையுங்கள். ஐந்து வாய்ப்பில் ஒருமுறையாவது போட்டு, திரையில் 20 அல்லது அதற்கு மேல் காட்ட 34 சதவீத சாத்தியம் உண்டு. உங்களைப் போல 3 சதவீதமே போடுபவருக்கும் அது ஏறக்குறைய ஏழில் ஒன்று. நீங்கள் எதிர்த்து மாட்டிக்கொண்ட ஆட்களில் சிலர் உங்களைப் போலவே பெரிய கைக்காகக் காத்திருந்தவர்களாக இருக்கலாம்.

எல்லா எண்ணுக்கும் கீழ் எண் ஒரே வேகத்தில் வளராது. வி.பி.ஐ.பி, அதாவது கட்டாயம் இல்லாமல் தானாகப் பணம் போட்டு ஆட்டத்தில் நுழைவது, ஏறக்குறைய ஒவ்வொரு கையிலும் பதிவாகும். பிளைண்ட் கட்டியது அதில் சேராது. பிக் பிளைண்டில் இலவசமாக ஃப்ளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) பார்த்ததும் சேராது. பி.எஃப்.ஆர், அதாவது ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்தது, அதே வேகத்தில் சேரும். 3-பெட்டோ முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்திருந்தால் மட்டுமே கணக்கில் வரும். ‘3-பெட்டுக்கு ஃபோல்டு’ (3-பெட் வந்ததும் சீட்டை மடித்தது) இன்னும் அரிது. அவர் ரெய்ஸ் செய்திருக்க வேண்டும், யாராவது திருப்பி ஏற்றியிருக்க வேண்டும். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) ரெய்ஸ் போன்றவற்றுக்கு ஆயிரம் கைக்குப் பிறகும் வாய்ப்பு மிகக் குறைவாகத்தான் சேரும்.

வி.பி.ஐ.பி-யிலும் அளவு உண்டு. நிஜமாக 25 ஆடுபவர் நூறு கைக்குப் பிறகு 17 முதல் 33 வரை எங்கே வேண்டுமானாலும் தெரியலாம். ஆகவே நூறு கையில் 15 ஆடுபவரையும் 50 ஆடுபவரையும் பிரித்துவிடலாம், 22-ஐயும் 28-ஐயும் பிரிக்க முடியாது. மேசையில் புதிதாக உட்கார்ந்தவரைப் பற்றி முதல் அரைமணியில் கேட்க வேண்டியது இது ஒன்றுதான்: எல்லாக் கையையும் ஆடுகிறாரா, பொறுக்கி ஆடுகிறாரா? மற்ற எண்களை அப்போது திரையில் வைத்திருந்தால் தொல்லைதான். எதிராளி எண்ணுக்குப் பக்கத்திலேயே கை எண்ணிக்கையும் தெரிகிற மாதிரி ஹட்டை (ஆடும்போது திரையில் எண்களைக் காட்டும் பலகையை) அமையுங்கள். 3-பெட்டுக்குப் பக்கத்தில் வாய்ப்பு எண்ணிக்கையையும் போட்டுக்கொள்ளலாம், அந்த வசதி உங்கள் மென்பொருளிலேயே இருக்கிறது.

இனி உங்கள் கணக்கு. 8,400 கையில் நூறுக்கு 2 பிளைண்ட் லாபம் என்பது எதையும் நிரூபிக்காது. வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஆறு பேர் நோ-லிமிட்டில் நூறு கைக்கு 80 முதல் 100 பிளைண்ட் வரை திட்ட விலக்கம் (ஏற்ற இறக்கத்தின் அளவு) சகஜம். 90 என்று வைத்தால், 8,400 கைக்குப் பிறகு உங்கள் சராசரியின் பிழை ஏறக்குறைய 10 பிளைண்ட். இரு பக்கமும் அதன் இரு மடங்கு விட்டுப் பார்த்தால், உங்கள் உண்மையான நிலை நூறுக்கு 18 நஷ்டத்திலிருந்து 22 லாபம் வரை எங்கும் இருக்கலாம். ஒரு லட்சம் கை ஆடினாலும் அந்தப் பிழை 3 பிளைண்டுக்குச் சற்றுக் கீழேதான் இறங்கும்.

அப்படியானால் மூன்று மாதம் சேர்த்தது வீணா? இல்லவே இல்லை. பணத்தின் எண் நிலைக்க நெடுநாள் ஆகும், பழக்கத்தின் எண் சீக்கிரமே நிலைத்துவிடும். உங்கள் வி.பி.ஐ.பி 31, பி.எஃப்.ஆர் 12 இப்போதே நம்பத்தக்கது, அது உங்களைப் பற்றி நிறையவே சொல்கிறது.

இரண்டுக்கும் இடையில் 19 இடைவெளி இருக்கிறது. நீங்கள் நுழைகிற ஐந்து கையில் மூன்றில் வெறுமனே கால் செய்துதான் நுழைகிறீர்கள். ஆறு பேர் மேசையில் தேர்ந்து ஆடுபவர்கள் பெரும்பாலும் 22 முதல் 27 வரை நுழைவார்கள், பி.எஃப்.ஆர் அதற்கு நாலைந்து புள்ளி கீழே நிற்கும். 3-பெட் 3 என்பதை ஒரு எதிராளியின் கண்ணால் பாருங்கள். இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1,326. ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஜோடிகள் 24, ஏஸ்-ராஜா 16, ஆக 40. அதுவே சரியாக 3 சதவீதம். நீங்கள் ஏற்றினால் இந்த நாற்பதில் ஒன்று என்று ஹட் வைத்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு ஒன்பதைக்கூட யோசிக்காமல் மடித்துவிட்டுப் போவார், உங்கள் ஏஸ் ஜோடிக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

நீங்கள் இணைத்த அறிக்கையில் நான் வெகுநேரம் நின்றது ஸ்மால் பிளைண்ட் வரியில். உங்கள் வி.பி.ஐ.பி முதல் இருக்கையில் 22, பட்டனில் 36, ஸ்மால் பிளைண்டில் 44. பட்டனைவிட ஸ்மால் பிளைண்டில் அதிகம் நுழைகிறீர்கள். பாதிப் பணம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, இன்னும் பாதி போட்டால் ஃப்ளாப் பார்க்கலாம் என்று கை தானாகக் கால் பொத்தானுக்குப் போகிறது. ஆனால் ஃப்ளாப்புக்குப் பிறகு எல்லாருக்கும் முன்னால் பேச வேண்டிய இருக்கை அது. அங்கே உங்கள் கணக்கு நூறு கைக்கு 71 பிளைண்ட் நஷ்டம் காட்டுகிறது. எல்லாக் கையையும் கண்ணை மூடிக்கொண்டு மடித்திருந்தால் நஷ்டம் 50-தான். ஸ்மால் பிளைண்ட் அரை பிளைண்ட் அல்லவா? இதுவும் 1,400 கைக்கான பணக் கணக்கு, பிழை 24 பிளைண்ட் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லமாட்டேன். 44 என்ற பழக்க எண்ணிலோ பிழை ஒன்றரைப் புள்ளிக்கும் கீழ்தான். அதில் சந்தேகமே இல்லை, அதைத்தான் திருத்த வேண்டும்.

ஷோடவுன் எண்களும் அதே கதையைத்தான் சொல்கின்றன. ஃப்ளாப் பார்த்த கைகளில் 33 சதவீதம் கடைசிவரை போகிறீர்கள், போனால் 46 சதவீதமே வெல்கிறீர்கள். இந்த இரண்டையும் எப்போதும் ஜோடியாகவே படியுங்கள். முதலாவது 30-ஐத் தாண்டி, இரண்டாவது 50-க்குக் கீழே இருந்தால், சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு ‘பார்த்துவிடுவோம்’ என்று ரிவரில் கால் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆக்கிரமிப்பு எண் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஹட்டில் இருப்பதால் ஒரு வார்த்தை. பெட்டும் ரெய்ஸும் கூட்டி, கால்களால் வகுப்பது அது. சதவீதம் கிடையாது, ஃபோல்டும் கணக்கில் இல்லை. நல்ல கை வந்தால் மட்டும் பெட் வைத்து மற்றதையெல்லாம் மடிக்கும் பயந்தாங்கொள்ளிக்கும் அது 4, 5 என்று காட்டும். அதை வைத்து யாரையும் முரடர் என்று முடிவு கட்டாதீர்கள்.

எதிராளியின் எண்களில் கணக்குப் போட்டுப் பயன்படுத்தக்கூடியவை ஃபோல்டு எண்கள். பட்டனில் நீங்கள் இருக்க, முன்னால் ஒருவர் 2.5 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார். பிளைண்டுகளோடு சேர்த்து நடுவில் 4. நீங்கள் 8 வைத்தால், 4-ஐ வெல்ல 8-ஐப் பணயம் வைக்கிறீர்கள். மூன்றில் இரண்டு முறை எல்லாரும் மடித்தாலே, கையில் எந்தச் சீட்டு இருந்தாலும் நஷ்டமில்லை. அவருடைய ‘3-பெட்டுக்கு ஃபோல்டு’ 75 என்றும், கீழ் எண் 40, 50 என்றும் இருந்து, பிளைண்டில் இருப்பவர்களும் அடக்கமானவர்கள் என்றால் துணியலாம். 75 என்பது நாலே வாய்ப்பில் மூன்றாக இருந்தால் அந்த எண் திரையில் இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாப்பில் பாட்டின் (நடுவில் சேர்ந்த பணத்தின்) பாதிக்குப் பெட் வைத்தால் எதிராளி மூன்றில் ஒருமுறை மடித்தால் போதும், மூன்றில் இரண்டு பங்குக்கு வைத்தால் 40 சதவீதம் மடிக்க வேண்டும். ‘சி-பெட்டுக்கு (முன்பு ஏற்றியவர் ஃப்ளாப்பிலும் தொடரும் பெட்டுக்கு) ஃபோல்டு’ என்ற எண்ணை இந்த வாசலோடு ஒப்பிட்டால்தான் அதற்கு உபயோகம்.

தளத்தின் விதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஜிஜிபோக்கர் வெளியார் ஹட்டை அனுமதிப்பதில்லை. பார்ட்டிபோக்கர் 2019-ல் அதற்கு வழியடைத்தது. பெயர் மறைத்த மேசைகளில் எதிராளி எண் சேரவே சேராது. உங்கள் சொந்தக் கைகளை ஆட்டத்துக்குப் பிறகு ஆராய்வது வேறு விஷயம், என்னைக் கேட்டால் மென்பொருளின் மதிப்பில் முக்கால்வாசி அங்கேதான். இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்திருக்கிறது. ஆகவே இந்த விளக்கத்தைப் பயிற்சி மேசைக்கான கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஆடும்போது லாப நஷ்ட எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது கீழே போவதைப் பார்த்துக்கொண்டே யாராலும் நிதானமாக ஆட முடியாது. ஸ்மால் பிளைண்டில், முன்னால் ரெய்ஸ் வந்தால் இரண்டே வழி: ஏற்றுங்கள் அல்லது மடியுங்கள், கால் வேண்டாம். கொஞ்சம் மிகையான விதிதான், ஆனால் கை பழக்கத்தை மாற்ற இப்படி ஒரு கறார் தேவைப்படும். அதே விதியே 3-பெட் எண்ணையும் தானாக மேலே தள்ளும். அடுத்த 3,000 கை முடிந்ததும் தேதியை வடிகட்டி, ஸ்மால் பிளைண்டின் ஒரு வரியை மட்டும் எடுத்து அனுப்புங்கள். அதில் சுமார் 500 கை இருக்கும். 44 எங்கே வந்து நிற்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.