நாடு எது என்பதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் மெக்கானிக்கல் இன்ஜினியர், வயது 34. மனைவி பள்ளி ஆசிரியை. ஒரு குழந்தை. சம்பளத்துக்காக அல்ல, நாட்டின் அரசியல் போக்கு பிடிக்காமல்தான் வெளியேற நினைக்கிறோம். கனடா, ஜெர்மனி, நியூசிலாந்து, துபாய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் துபாயைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். சம்பாதிக்கப் போகிறவருக்கு அது நல்ல ஊர். அரசியல் காரணத்துக்காகக் கிளம்புகிறவருக்கு அங்கே ஒன்றும் இல்லை. கட்சி கிடையாது. ஆட்சியை விமர்சித்து ஒரு பதிவு போட்டாலே வழக்கு வரலாம். எத்தனை வருடம் உழைத்தாலும் குடியுரிமை கேட்டு நாமாக விண்ணப்பிக்க வழி இல்லை.

மற்ற மூன்றில் ‘எது நல்ல நாடு’ என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இரண்டு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். எத்தனை வருடத்தில் உங்களை எளிதில் வெளியே அனுப்ப முடியாத நிலை வரும்? எத்தனை வருடத்தில் ஓட்டு வரும்? ஓட்டு என்று வந்தால் நியூசிலாந்து தனியாக நிற்கிறது. ரெசிடென்ட் விசாவோடு தொடர்ந்து 12 மாதம் அங்கே வாழ்ந்திருந்தால், குடியுரிமை வாங்காமலேயே பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். உங்கள் பட்டியலில் பிரிட்டன் இல்லை. ஆனால் காமன்வெல்த் நாட்டவர் என்ற கணக்கில், முறையான விசாவோடு அங்கே வாழும் இந்தியருக்கு முதல் வருடத்திலேயே பாராளுமன்ற ஓட்டு உண்டு. கனடாவில் குடிமக்களுக்கு மட்டும்தான். குடியுரிமைக்குப் பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) வாங்கியிருக்க வேண்டும், மனு போடும் நாளுக்கு முந்தைய 5 வருடத்தில் 1,095 நாள் அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஜெர்மனியிலும் குடிமக்களுக்கு மட்டும்தான். குடியுரிமைக்கு 5 வருடம் போதும் என்ற சட்டம் அங்கே 2024 ஜூன் 27இல் வந்தது.

அரசியல் பிடிக்காமல் போகிறவர், போகிற இடத்து அரசியலையும் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதே ஜெர்மன் சட்டம், மொழியும் வேலையும் நன்றாகக் கைவந்தவர்களுக்கு 3 வருடத்திலேயே குடியுரிமை என்றது. 2025 அக்டோபரில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பிரிட்டன் அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில், நிரந்தர வதிவுரிமைக்கான காலத்தை 5 வருடத்திலிருந்து 10 ஆக்கப்போவதாகச் சொன்னது. அதனால் இன்றைய விதியை நம்பி மூன்று வருடம் கழித்து விண்ணப்பிக்கலாம் என்று இருக்காதீர்கள். தகுதி வந்த மாதமே மனுவைப் போட்டுவிடுங்கள்.

புதுச்சேரிக்காரருக்கு ஒரு வசதி உண்டு, பிரெஞ்சு. மதிப்பெண் வைத்துக் குடியேறிகளைத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்று நடக்கிறது. பேச, கேட்க, படிக்க, எழுத நான்கிலும் ‘என்.சி.எல்.சி. 7’ (கனடாவின் பிரெஞ்சுத் திறன் அளவுகோலில் 7ஆம் நிலை) வேண்டும். ஆங்கிலமும் ஓரளவு இருந்தால் கூடுதலாக 50 மதிப்பெண். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அலியான்ஸ் பிரான்சேஸ் மொழிப் பள்ளியில் படித்து வாங்கிய டெல்ஃப் என்ற பிரெஞ்சுச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. டெஃப் கனடா அல்லது டி.சி.எஃப். கனடா தேர்வுதான் வேண்டும். முடிவு 2 வருடத்துக்கு மட்டுமே செல்லும். கணவர்தான் முதன்மை விண்ணப்பதாரராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் மனைவியின் பெயரிலும் மதிப்பெண் போட்டுப் பார்த்து, எது அதிகமோ அந்தப் பெயரில் போடுங்கள்.

கோப்பு திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று இனிஷியல். மார்க் ஷீட்டில் ‘எஸ். முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன்’ மட்டும், சர்நேம் கட்டம் காலி. கல்விச் சான்று மதிப்பீட்டில் வேறு மாதிரி வந்தால் மூன்று பேர் ஆகிவிடுவீர்கள். முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதி வாங்குங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் போடுங்கள். இன்னொன்று, அங்கே குடியேறக் கையில் இருப்பதாகக் காட்டும் பணம். வங்கிக் கடிதத்தில் கடைசி 6 மாதச் சராசரி இருப்பைக் காட்டச் சொல்வார்கள். அப்பா மனை விற்ற தொகை போன வாரம்தான் கணக்கில் ஏறியது என்றால், விற்பனைப் பத்திரமும் அவர் கொடுத்த அன்பளிப்புக் கடிதமும் சேர்த்து வைக்க வேண்டும். கடன் வாங்கிக் காட்டும் பணம் செல்லாது.

இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருக்கும்வரை இங்கேயும் ஓட்டு உண்டு. படிவம் 6ஏ கொடுத்து வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதியலாம். ஆனால் வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும்.

கேள்வி: தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) வியட்நாமின் சைகோனில் இருந்தவர். அந்த வழியில் எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்குமா? ஒரு ஏஜென்ட் 4 லட்சம் கேட்கிறார்.
– வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். பட்டாளத்தில் இருந்ததோ பென்ஷன் வாங்கியதோ கேள்வி அல்ல. 1962 ஆகஸ்ட் 16 அன்று தாத்தா எங்கே பிறந்தவராக, எங்கே குடியிருந்தவராக இருந்தார் என்பதுதான் கேள்வி. புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைக்க 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சு இந்தியாவில் பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒரு தாளை எழுதிக் கொடுக்காததால் அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியர் என்று பிரிந்த வீடுகள் இந்த ஊரில் உண்டு. சைகோனில் பிறந்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு அந்தத் தாளே தேவைப்படவில்லை, குடியுரிமை போகவில்லை. ஆகவே தாத்தாவின் எத்தா சிவில் (பிரெஞ்சுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடு) பதிவை எடுத்து, முதலில் பிறந்த ஊரைப் பாருங்கள்.

அவர் பிரெஞ்சுக்காரராகவே இருந்தார் என்று தெரிந்தாலும் இன்னொரு பூட்டு இருக்கிறது. பிரெஞ்சு சிவில் சட்டம் 30-3ஆம் பிரிவின்படி, குடும்பம் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, நீங்களோ உங்கள் அப்பா அம்மாவோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லையென்றால், வம்சாவளியை நிரூபிக்கவே அனுமதி இல்லை. 1962இலிருந்து எண்ணினால் 2012இல் ஐம்பது முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய தேதியில் பெற்றோரின் கான்சுலேட் பதிவு அட்டை, பிரெஞ்சுப் பாஸ்போர்ட், பிரெஞ்சு வாக்காளர் அட்டை ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தப் பழைய அட்டை, ஏஜென்ட் கேட்கும் 4 லட்சத்தைவிடப் பெறுமதியானது. குடியுரிமைச் சான்றிதழைத் தீர்மானிப்பது இங்குள்ள கான்சுலேட் அல்ல. வெளிநாட்டில் வாழ்பவர்களின் மனு பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போகிறது.

கிடைத்துவிட்டால் இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ள முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர்) அட்டை வாங்க வேண்டும். ‘1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த நிலப்பகுதி’ என்று ஓ.சி.ஐ. அட்டைக்கான சட்டத்தில் வருவது நம் ஊருக்கும் பொருந்தும். அந்த அட்டையில் ஓட்டு இல்லை. விவசாய நிலமும் வாங்க முடியாது.

கேள்வி: நில எடுப்பை எதிர்த்த ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காக என் மீது வழக்கு இருக்கிறது. பாஸ்போர்ட் கிடைக்குமா? வெளிநாடு போய் அரசியல் அடைக்கலம் கேட்கலாமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். வெறும் எஃப்.ஐ.ஆரா, குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டு சி.சி. எண் (நீதிமன்றம் தரும் வழக்கு எண்) விழுந்துவிட்டதா? 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள குற்ற வழக்கைத்தான் தடையாகச் சொல்கிறது. எண் விழுந்திருந்தால் அதே நீதிமன்றத்தில் அனுமதி மனு போட்டு உத்தரவு வாங்குங்கள். மனுவில் எத்தனை வருடத்துக்கு என்று தெளிவாகக் கேளுங்கள். உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால், 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கையின்படி ஒரு வருடப் பாஸ்போர்ட்தான் தருவார்கள். வழக்கை மறைத்து விண்ணப்பித்தால் அது தனிக் குற்றம். வழக்கே அடிப்படையற்றது என்று வக்கீல் சொன்னால், சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடுவது நல்ல வழி.

அடைக்கலத்தைப் பொறுத்தவரை அவசரப்படாதீர்கள். சென்னையில் உள்ள தூதரகத்தில் போய் அதைக் கேட்க முடியாது, அந்த நாட்டில் கால் வைத்தபின்தான் கேட்கலாம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் அரசியல் கருத்து ஒரு காரணம்தான். ஆனால் ஜாமீனில் வெளியே இருக்கும் ஒரு ஆர்ப்பாட்ட வழக்கு அந்த எடையைத் தாங்காது. அதிகாரி கேட்கும் முக்கியமான கேள்வி, ‘பெங்களூருவுக்கோ மும்பைக்கோ குடிபோய் நிம்மதியாக இருக்க முடியாதா?’ என்பது. இந்தியர்களின் மனு பெரும்பாலும் விழுவது அங்கேதான். ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் முன்மொழிந்த ‘பாதுகாப்பான நாடுகள்’ பட்டியலில் இந்தியாவும் இருந்தது. மறுத்துவிட்டால் அடுத்த விசா படிவம் ஒவ்வொன்றிலும் அதை எழுத வேண்டும். கொடுத்துவிட்டால், தங்கை கல்யாணத்துக்கு ஊர் வந்தாலே அந்தஸ்து பறிபோகலாம்.

கேள்வி: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். படகில் ஆஸ்திரேலியா அனுப்பிவைப்பதாக ஒருவர் சொல்கிறார். போகலாமா?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: தயவுசெய்து போகாதீர்கள். உயிராபத்து ஒரு பக்கம். விசா இல்லாமல் படகில் வந்தவர்களை ஆஸ்திரேலியாவில் குடியேற விடுவதில்லை என்று 2013 ஜூலை 19இல் அந்த அரசு அறிவித்தது. ஆட்சி மாறியும் அது மாறவில்லை. அங்கே உறவினர் இருந்தால் 202 என்ற மனிதாபிமான விசாவுக்கு அவர் படிவம் 681இல் முன்மொழிய, நீங்கள் படிவம் 842இல் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. வருடக்கணக்கில் ஆகும், எல்லாருக்கும் கிடைப்பதும் இல்லை. ஆனாலும் காசும் உயிரும் மிஞ்சும். சென்னையில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. முடிவெடுக்கும் முன் அங்கே பேசுங்கள்.

கேள்வி: பாரதியார் புதுச்சேரிக்கு வந்ததும் இப்படி அரசியல் அடைக்கலம் கேட்டுத்தானா?
– பிளஸ் டூ மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: அன்று மனு, நேர்காணல் எதுவும் இல்லை. 1908இல் எல்லையைத் தாண்டியதுமே பிரிட்டிஷ் போலீஸின் அதிகாரம் நின்றுபோனது, அவ்வளவுதான். ஆனால் 1911இல் பிரெஞ்சு நிர்வாகம் அந்நியர்கள் எல்லாரும் பதிய வேண்டும் என்றது. பதிவுக்கு ஊரின் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் ஐந்து பேர் நன்னடத்தைக் கையெழுத்துப் போட வேண்டும். கலவை சங்கர செட்டியார் போன்றவர்கள் கையெழுத்துக்கு முன்வந்ததால்தான் அரவிந்தர் உள்ளிட்டவர்கள் இங்கே தொடர்ந்து இருக்க முடிந்தது. பாரதி 1918 நவம்பர் 20 அன்று எல்லையைத் தாண்டி வெளியே வந்தார். உடனே கைது. மூன்று வாரத்துக்கு மேல் உங்கள் கடலூர்ச் சிறையில்தான் இருந்தார்.